நான்கு வெள்ளிகள், ஓர் உலகப் பட்டம்: ஃபிராங்கி ஃபிரெடெரிக்ஸ் குறித்த கேள்வி பதில்

நமீபியாவின் விரைவோட்ட வீரர் ஃபிராங்கி ஃபிரெடெரிக்ஸைப் பற்றி நண்பர்கள் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அவர் எத்தகைய சூழலிலிருந்து வந்தவர்?

1967 அக்டோபர் 2 அன்று விண்ட்ஹுக் நகரில் பிறந்தார். இன்றைய நமீபியா அப்போது தென்மேற்கு ஆப்பிரிக்கா என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசின் கீழ் இருந்தது. அவர் வளர்ந்த கட்டுதுரா, கறுப்பின மக்களைப் பழைய குடியிருப்பிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றிக் குடியேற்றிய பகுதியாகும். ஹெரேரோ மொழியில் அப்பெயருக்கு ‘நாங்கள் குடியிருக்க விரும்பாத இடம்’ என்று பொருள் சொல்வார்கள். குடியேற்றப்பட்டவர்களே வைத்த பெயர் என்பதால், அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. தாய் ஒருவரே அவரை வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ரோஸிங் யுரேனியச் சுரங்க நிறுவனத்தின் ஆதரவு கிடைக்க, 1987இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்குச் சென்று கணினி அறிவியல் படித்தார். பின்னர் அங்கேயே மேலாண்மையில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

கேள்வி: 1988 சியோல் ஒலிம்பிக்கில் அவர் பெயரே இல்லையே, ஏன்?

நிறவெறிக் கொள்கைக்காகத் தென்னாப்பிரிக்கா விலக்கி வைக்கப்பட்டிருந்தது. அதன் ஆட்சியில் இருந்த பகுதியின் வீரர்களுக்கும் கதவு அடைபட்டிருந்தது. 1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை பெற்றது. மறு ஆண்டே டோக்கியோ உலகத் தடகளப் போட்டியில் 200 மீட்டரில் அமெரிக்காவின் மைக்கேல் ஜான்சனுக்கு அடுத்து வந்து வெள்ளி வென்றார்.

கேள்வி: 1992 பார்சிலோனாவில் தங்கம் கைநழுவியது எப்படி?

கைநழுவியது என்ற சொல் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 100 மீட்டரில் பிரிட்டனின் லின்ஃபோர்ட் கிறிஸ்டி 9.96 வினாடியிலும் இவர் 10.02 வினாடியிலும் ஓடினார்கள். 200 மீட்டரில், அரையிறுதியில் கடைசிச் சில அடிகளைத் தளர்த்தி ஓடியும் 19.73 வினாடியைத் தொட்டிருந்த அமெரிக்கரான மைக் மார்ஷ் 20.01 வினாடியில் வென்றார், இவருக்கு 20.13. விடுதலை பெற்று இரண்டரை ஆண்டுகூட ஆகாத ஒரு நாடு, தான் பங்கேற்ற முதல் ஒலிம்பிக்கிலேயே பெற்ற பதக்கங்கள் அவை. நாட்டின் மக்கள்தொகையோ அப்போது பதினைந்து இலட்சத்தைச் சுற்றித்தான் இருந்தது.

கேள்வி: 1993இல் அவர் உலக வாகையர் ஆனது ஜான்சன் 200 மீட்டரில் ஓடாததால்தான் என்கிறார்களே?

ஜான்சன் ஓடவில்லை என்பது உண்மை. ஸ்டுட்கார்ட்டில் அவர் 400 மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த 200 மீட்டர் இறுதியில் ஃபிரெடெரிக்ஸ் 19.85, ஜான் ரெஜிஸ் 19.94, கார்ல் லூயிஸ் 19.99 என்று மூவர் 20 வினாடிக்குள் ஓடினார்கள். பல ஒலிம்பிக் தங்கங்களை வென்ற கார்ல் லூயிஸ் மூன்றாவதாக வந்த ஓட்டத்தை எளிய ஓட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஜான்சனையும் ஃபிரெடெரிக்ஸ் வென்றிருக்கிறார். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: 1996ஆம் ஆண்டை அவருடைய உச்சம் என்பதா, பெருந்துயரம் என்பதா? (இதை நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.)

முதலில் நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். பிப்ரவரியில் பிரான்சின் லியெவெனில் உள்ளரங்கத்தில் 200 மீட்டரை 19.92 வினாடியில் ஓடினார். கூரைக்கடியில் 20 வினாடிக்குள் அத்தூரத்தை ஓடிய முதல் மனிதர் அவரே. ஜூலை 3 அன்று லோசானில் இலேசான எதிர்க்காற்றில் 100 மீட்டரை 9.86 வினாடியில் முடித்தார். அப்போதைய உலகச் சாதனை 9.85, அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே லோசானில் லெராய் பரெல் படைத்தது. இரண்டு நாள் கழித்து ஆஸ்லோவில் 19.82 வினாடியில் ஓடி, 19.85 வினாடியில் வந்த ஜான்சனை வீழ்த்தினார். 200 மீட்டரில் ஜான்சன் தொடர்ந்து பெற்றுவந்த 21 வெற்றிகள் அன்று முடிவுக்கு வந்தன.

பிறகு வந்த அட்லாண்டா ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதியில் தவறான தொடக்கம் ஒன்றல்ல, மூன்று நிகழ்ந்து, இரண்டு முறை முந்திய கிறிஸ்டி வெளியேற்றப்பட்டார். எழுவதும் மீண்டும் கட்டையில் காலை வைப்பதுமாக நரம்பைச் சோதித்த அந்த இழுபறிக்குப் பிறகு, கனடாவின் டோனவன் பெய்லி 9.84 வினாடியில் உலகச் சாதனை படைத்தார். ஃபிரெடெரிக்ஸ் 9.89, அட்டோ போல்டன் 9.90.

பிறகு ஆகஸ்ட் 1 அன்று 200 மீட்டர். வளைவைக் கடக்கும்வரை ஃபிரெடெரிக்ஸ் பந்தயத்தில் இருந்தார். நேர்ப்பாதையில், முதுகு நிமிர்ந்து குட்டைக் குட்டையாக அடியெடுத்து ஓடும் ஜான்சன், இரண்டாவது 100 மீட்டரை மட்டும் ஏறத்தாழ 9.2 வினாடியில் கடந்து 19.32 வினாடியில் முடித்தார். ஃபிரெடெரிக்ஸ் 19.68. இடைவெளி 0.36 வினாடி, தரையில் சுமார் நான்கு மீட்டர்.

இத்தாலியின் பியத்ரோ மென்னேயா 1979இல் கடல்மட்டத்திலிருந்து மிக உயரத்தில் உள்ள மெக்சிகோ நகரில் ஓடிய 19.72 வினாடி, சுமார் பதினேழு ஆண்டுகள் உலகச் சாதனையாக நின்றது. அதை ஜான்சன் 19.66 ஆக்கியது 1996 ஜூன் 23 அன்றுதான். அதாவது, அட்லாண்டாவில் தோற்றவர் ஓடிய 19.68, ஆறு வாரத்துக்கு முன் ஓடப்பட்டிருந்தால் உலகச் சாதனை. ஆகவே என்னைக் கேட்டால் அது உச்சமே. அன்று அவர் குறைத்து ஓடவில்லை. அதுவே அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த 200 மீட்டர்.

கேள்வி: நான் மாவட்ட அளவில் 200 மீட்டர் ஓடுகிறேன். அவரிடம் கவனிக்க வேண்டியது என்ன?

வளைவு. மெலிந்த உடல்வாகு கொண்ட அவர் வலிமையால் தடத்தை அறைந்து ஓடுபவர் அல்லர். வளைவில் இடப்புறம் சாயும்போதும் தோளும் தாடையும் இறுகாமல் ஓடுவார். அந்தத் தளர்ச்சி இருப்பதால் வளைவிலிருந்து நேர்ப்பாதைக்கு வரும்போது வேகம் உடையாது. ஆஸ்லோ ஓட்டத்தின் காணொளியைத் தோளை மட்டும் பார்த்தபடி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், தம்பி.

கேள்வி: உள்ளரங்க 200 மீட்டர் இப்போது உலகப் போட்டியில் இல்லையே?

இல்லை, 2004க்குப் பின் கைவிடப்பட்டது. உள்ளரங்கத் தடத்தின் ஒரு சுற்றே 200 மீட்டர் என்பதால் இரண்டு வளைவுகளும் மிகக் குறுகலானவை. உள்தடம் கிடைத்தவர் ஓடும் முன்பே பாதி தோற்றுவிடுவார்.

கேள்வி: அட்லாண்டாவுக்குப் பிறகு?

1997 ஏதென்ஸ் உலகப் போட்டியில் மீண்டும் வெள்ளி. 1999இல் ஜப்பானின் மயேபாஷியில் உள்ளரங்க 200 மீட்டர் தங்கம். காயத்தால் 2000 சிட்னி ஒலிம்பிக் போயிற்று. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில், 34 வயதில், 200 மீட்டர் தங்கம் வென்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 36 வயதில் இறுதிக்குச் சென்று நான்காவதாக வந்து விடைபெற்றார்.

கேள்வி: ஊழல் வழக்கில் அவர் பெயர் அடிபட்டதே?

அதைத் தவிர்த்துவிட்டு அவர் வாழ்க்கையை எழுதுவது நேர்மையாகாது. 2004இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரான அவர், 2008 முதல் 2012 வரை அதன் வீரர்கள் ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். 2016 ஒலிம்பிக்கை நடத்த ரியோ தேர்வான 2009 அக்டோபர் 2 அன்று, அப்போதைய உலகத் தடகளத் தலைவர் லமின் டியாக்கின் மகனுக்குரிய நிறுவனத்திலிருந்து இவர் தொடர்புடைய நிறுவனத்துக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் டாலர் சென்றதாக, 2017இல் பிரான்சின் லெ மோந்த் நாளிதழ் வெளியிட்டது. அந்த வாக்கெடுப்பில் இவர் வாக்கு எண்ணிக்கையைச் சரிபார்த்தவர்களில் ஒருவர். சந்தைப்படுத்தல் பணிக்கான ஊதியம் அது, வாக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவர் மறுத்தார். 2024 ஒலிம்பிக் நகரை மதிப்பிடும் குழுவின் தலைமையிலிருந்து விலகினார். 2017 நவம்பரில் ஒலிம்பிக் குழு அவரை இடைநீக்கம் செய்தது. பிரெஞ்சு நீதித்துறையின் விசாரணைக்கும் உள்ளானார். தடத்தில் அவர் ஓடிய நேரங்களை இது மாற்றாது; ஆனால் தடத்தில் பெற்ற மதிப்பை இதற்கு விடையாகக் காட்டவும் கூடாது.

கேள்வி: அவருடைய 19.68 இன்னும் ஆப்பிரிக்கச் சாதனையா?

இல்லை. 27 ஆண்டுகள் நின்ற பிறகு, 2023 ஜூலையில் லண்டனில் 19.50 வினாடியில் ஓடி அதைக் கடந்தவர் பக்கத்து நாடான போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோ. அவரே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 19.46 வினாடியில் ஓடி 200 மீட்டர் தங்கத்தையும் வென்றார். நமீபியாவுக்கு ஃபிரெடெரிக்ஸுக்குப் பின் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் வந்தது: கிறிஸ்டின் ம்போமா, மகளிர் 200 மீட்டர். அதுவும் வெள்ளியே.