சங்கிலி வளர்கிறதா, சத்தம் வளர்கிறதா?

பொதுப் பிளாக்செயின்களின் (யாரும் சேர்ந்து நடத்தக்கூடிய பரிவர்த்தனைப் பேரேடுகளின்) மேம்பாடு, சமூக ஆதரவு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: ஒரு பிளாக்செயின் திட்டத்தின் நிரல் இருக்கும் கிட்ஹப் பக்கம் மாதத்துக்கு ஆயிரம் கமிட் (நிரலில் செய்து பதிந்த மாற்றம்) காட்டுகிறது. வேலை மும்முரமாக நடக்கிறது என்று நம்பலாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து நம்பாதீர்கள். அதை ஊதிப் பெருக்குவது சுலபம். பிட்காயின் நிரலைப் பிரதியெடுத்துத் தொடங்கிய திட்டத்தில், 2009-லிருந்து மற்றவர்கள் உழைத்த வரலாறும் சேர்ந்தே வந்துவிடும். நிரல் நூலகங்களின் பதிப்பெண்ணை ஏற்றுகிற பாட் (தானியங்கி நிரல்) தன் பங்குக்குத் தினமும் நாலைந்து கமிட் போடும். இலவச டோக்கன் (கிரிப்டோ நாணயம்) கிடைக்கும் என்ற நப்பாசையில் காற்புள்ளி திருத்துகிறவர்கள் கூட்டம் தனி.

நிரல் களஞ்சியத்தை உங்கள் கணினியில் இறக்கி, 'கிட் ஷார்ட்லாக்' கட்டளையைக் கடைசி 90 நாளுக்கு மட்டும், கிளைகளை இணைக்கும் மெர்ஜ் கமிட்களைத் தவிர்த்து ஓட்டுங்கள். ஆள்வாரியாகக் கணக்கு வரும். பாட்களை அடித்துவிட்டுப் பாருங்கள். முதல் இரண்டு பேரே முக்கால்வாசி வேலையைச் செய்திருந்தால், ஒருவர் விலகினாலே திட்டம் தள்ளாடும். அடுத்து, மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்களில் கடைசியாக இணைந்த இருபதைத் திறந்து படியுங்கள். எழுதியவர் அல்லாத இன்னொருவர் படித்துக் கேள்வி கேட்டிருக்கிறாரா? மாற்றத்தோடு டெஸ்ட்டும் வந்திருக்கிறதா? எல்லோரும் ஒரே சங்கிலியை ஏற்க வைக்கும் கன்சென்சஸ் பகுதியைத் தொடும் மாற்றம் பத்து நிமிடத்தில் இணைந்திருந்தால் யாரும் படிக்கவில்லை என்றே பொருள். பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோரில் ஒவ்வொரு வெளியீட்டையும் பலர் தனித்தனியே கம்பைல் செய்து, எல்லோருக்கும் ஒரே ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) வருகிறதா என்று ஒப்பிட்டுக் கையொப்பமிடுகிறார்கள். சிறிய திட்டத்தில் அந்த அளவு எதிர்பார்க்க வேண்டாம். வெளியீட்டுக் கோப்பில் கையொப்பமாவது இருக்க வேண்டும்.

கேள்வி: அப்கிரேடு தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். திட்டம் படுத்துவிட்டதா?

பதில்: ஏன் தள்ளினார்கள் என்பதைப் பாருங்கள். காரணம் பொதுவெளியில், தொழில்நுட்ப விவரத்தோடு இருந்தால் அது ஆரோக்கியமான தள்ளிவைப்பு. 'விரைவில் அறிவிப்போம்' என்ற வாசகம் மட்டும் மூன்று முறை வந்தால் கவலைப்படலாம்.

எத்தீரியத்தின் கான்ஸ்டான்டினோபிள் அப்கிரேடு 2019 ஜனவரியில் நடக்கவிருந்தது. அதில் இருந்த இஐபி-1283 என்ற மாற்ற முன்மொழிவு, சேமிப்பில் எழுதும் செலவைக் குறைத்தது. அதனால், அதுவரை பாதுகாப்பாக இருந்த சில ஸ்மார்ட் ஒப்பந்தங்களில் (சங்கிலியிலேயே ஓடும் நிரல்களில்), ஒரு செயல் முடியுமுன் அதையே திரும்பத் திரும்ப அழைத்துப் பணம் உருவும் ரீஎன்ட்ரன்சி தாக்குதலுக்கு வழி பிறக்கும் என்று கடைசி நேரத்தில் தெரிந்தது. ஓரிரு நாளே மிச்சம் இருந்தபோது நிறுத்தினார்கள். அந்த அம்சம் நீக்கப்பட்டு, பிப்ரவரி 28 அன்று அப்கிரேடு நடந்தது.

அதைவிடப் பாடம் நிறைந்தது பெக்ட்ரா என்ற எத்தீரிய அப்கிரேடு. 2025 பிப்ரவரி 24 அன்று ஹோலெஸ்கி என்ற டெஸ்ட்நெட்டில் (சோதனைச் சங்கிலியில்) அதை இயக்கினார்கள். கெத், நெதர்மைண்ட், பெசு ஆகிய மூன்று கிளையன்ட்களின் (சங்கிலியை இயக்கும் மென்பொருள்களின்) ஹோலெஸ்கி அமைப்பில், பிணையத் தொகையை வாங்கும் டெபாசிட் ஒப்பந்தத்தின் முகவரி தவறாக இருந்தது. பிழையான ஒரு பிளாக்கை (பரிவர்த்தனைத் தொகுப்பை) இவை ஏற்றுக்கொண்டன. ரெத், எரிகான் என்ற வேறு இரண்டு கிளையன்ட்களும் நிராகரித்தன. பெரும்பான்மை பிழையான பக்கம் நின்றதால், சரியாக இருந்தவர்கள் சிறுபான்மை ஆனார்கள். தவறான கிளைக்கு வாக்களித்துவிட்ட வாலிடேட்டர்கள் (பிணையம் வைத்துப் பிளாக்குகளுக்கு வாக்களிப்பவர்கள்) உடனே திரும்பவும் முடியவில்லை. முன்பின் முரணான வாக்குக்குப் பிணையத்தில் கைவைக்கும் ஸ்லாஷிங் தண்டனை உண்டு. மீண்டும் ஃபைனாலிட்டி (பிளாக்குகள் மாற்ற முடியாதபடி உறுதியாவது) வர இரண்டு வாரம் ஆயிற்று. இதற்கிடையில் செபோலியா என்ற இன்னொரு டெஸ்ட்நெட்டிலும் வேறொரு கோளாறு. பிறகு ஹூடி என்ற புதிய டெஸ்ட்நெட்டை எழுப்பி, அதில் மறுபடி ஒத்திகை பார்த்து, மே 7 அன்றுதான் மெயின்நெட்டில் (உண்மையான சங்கிலியில்) இறக்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஃபைனாலிட்டிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவானவர்கள் இயக்கும் கிளையன்டில் பிழை வந்தால் சங்கிலி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பங்கைத் தாண்டினால் ஃபைனாலிட்டி நிற்கும். மூன்றில் இரண்டைத் தாண்டினால் தவறே உறுதியாகிவிடும். ஒரே ஒரு கிளையன்ட் மென்பொருளை நம்பி ஓடும் சங்கிலியில் 'எங்களுக்கு இப்படி ஆனதே இல்லை' என்று யாராவது சொன்னால், இன்னும் ஆகவில்லை என்று திருத்திப் படியுங்கள்.

கேள்வி: மாற்றங்களை முடிவு செய்வது யார்? நிறுவனமா, பயனர்களா?

பதில்: எத்தீரியத்தில் யாரும் இஐபி எழுதலாம். வரைவு, பரிசீலனை என்று நகர்ந்து, குறைந்தது 14 நாள் 'கடைசி அழைப்பு' நிலையில் இருந்து இறுதியாகும். ஆறு மாதம் அசைவில்லாமல் கிடந்தால் 'தேக்கம்' என்று முத்திரை விழும். எண் கிடைத்துவிட்டதாலேயே அது ஏற்கப்பட்டதாக ஆகாது. புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது. எந்த அப்கிரேடில் எது சேரும் என்பது வியாழக்கிழமைகளில் நடக்கும் கோர் டெவலப்பர் கூட்டத்தில் முடிவாகிறது. அதை யாரும் யூடியூபில் பார்க்கலாம்.

பிட்காயினில் புதிய பிளாக்குகளை உருவாக்கும் மைனர்கள், மாற்றத்துக்குத் தயார் என்று பிளாக்கில் சமிக்ஞை வைப்பார்கள். டேப்ரூட் என்ற அப்கிரேடுக்கு, 2,016 பிளாக் கொண்ட ஒரு காலகட்டத்தில் 90% பிளாக்குகளில் அந்தச் சமிக்ஞை தேவைப்பட்டது. 2021 ஜூனில் அது எட்டப்பட்டு, நவம்பரில் 709,632-ஆம் பிளாக்கில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சமிக்ஞையை வாக்குச்சீட்டு என்று நினைக்காதீர்கள். 2017-இல் செக்விட் என்ற அப்கிரேடை மைனர்கள் மாதக்கணக்கில் இழுத்தடித்தபோது, ஆகஸ்ட் 1 முதல் அதை ஆதரிக்காத பிளாக்குகளை நிராகரிப்போம் என்று நோடு (சங்கிலியைச் சரிபார்க்கும் கணினி) நடத்துகிறவர்களில் ஒரு பகுதியினர் கிளம்பினார்கள். அதற்குள் மைனர்கள் வழிக்கு வந்தார்கள். அந்த மாதமே செக்விட் இயங்கத் தொடங்கியது. ஒத்துக்கொள்ளாத ஒரு பிரிவு பிட்காயின் கேஷ் என்று தனிக்குடித்தனம் போனது.

கேள்வி: டெலிகிராமில் இரண்டு லட்சம் உறுப்பினர்கள். பலமான சமூகம்தானே?

பதில்: உறுப்பினர்களை விலைக்கு வாங்கலாம். நேற்று யாராவது நோடு ஓடவில்லை என்று கேட்டிருந்தால், விலையைப் பற்றிப் பேசாமல் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: சொந்தமாக நோடு நடத்த என்ன வேண்டும்? எங்கே தவறும்?

பதில்: எத்தீரியத்துக்கு எக்சிகியூஷன் (பரிவர்த்தனைகளை இயக்குவது), கன்சென்சஸ் (எந்தச் சங்கிலி சரி என்று ஒத்துப்போவது) என இரண்டு மென்பொருள்கள் சேர்ந்து ஓட வேண்டும். நான்கு கோர் சிபியு, 32 ஜிபி ரேம், 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, தடையில்லாத 25 எம்பிபிஎஸ் இணையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 டிபி வாங்க முடிந்தால் நிம்மதி.

பெரும்பாலும் சறுக்குவது எஸ்எஸ்டியில். டிராம் (தற்காலிக நினைவகம்) இல்லாத மலிவான கியூஎல்சி வகை, தொடர்ந்து எழுதும் வேகம் போதாமல் சங்கிலியின் முனையை எட்டாது. சின்க் (சங்கிலியை இறக்கி முனையை எட்டுவது) 99 சதவீதத்திலேயே நாள்கணக்கில் நிற்கும். அடுத்தது இரண்டு மென்பொருள்களும் 8551 போர்ட்டில் பேசிக்கொள்ளும் இணைப்பு: ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் ஜேடபிள்யூடி ரகசியக் கோப்பு இரண்டுக்கும் ஒன்றாக இல்லாவிட்டால் பேச்சே நடக்காது. பியர்கள் (இணைந்திருக்கும் மற்ற நோடுகள்) குறைவாக இருந்தால் ரவுட்டரில் 30303, 9000 போர்ட்கள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கணினிக் கடிகாரம் சில விநாடி பிசகினாலும் வாலிடேட்டரின் வாக்குகள் தவறும், நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி ஓடட்டும். வாலிடேட்டர் வைத்திருப்பவர்கள், 'ஒன்று போனால் இன்னொன்று' என்று அதே சாவியை இரண்டு இயந்திரங்களில் ஏற்றவே கூடாது. பழையதை நிறுத்திவிட்டோம் என்று நினைத்திருக்க, அது தானாக ரீபூட் ஆகி மேலெழுந்து ஸ்லாஷ் ஆவது வாடிக்கை.

பிட்காயின் இன்னும் எளிது. இடமில்லையென்றால் பழைய பிளாக்குகளை அழிக்கும் புரூன் அமைப்பை 550 எம்பி வரை குறைக்கலாம். ஒவ்வொரு பிளாக்கையும் சரிபார்த்த பிறகே அதை அழிக்கும். சரிபார்ப்பில் குறை ஏதுமில்லை.

கேள்வி: எத்தீரியத்தில் என் பரிவர்த்தனை மணிக்கணக்கில் சிக்கி நிற்கிறது. குழுவில் கேட்டதும் 'ஆதரவுக் குழு' என்று ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார்.

பதில்: அவர் திருடர். தடுத்துவிடுங்கள். வாலட்டின் (கிரிப்டோ கணக்குச் செயலியின்) 12 அல்லது 24 சொல் மீட்புத் தொடரைக் கேட்கிற எந்த இணையப் படிவமும் திருட்டுதான்.

சிக்கலுக்கு வழி: அதே நான்ஸ் எண்ணில் (உங்கள் கணக்கின் பரிவர்த்தனை வரிசை எண்) இன்னொரு பரிவர்த்தனை அனுப்புங்கள். ரத்து செய்ய வேண்டுமென்றால் உங்கள் முகவரிக்கே பூஜ்ஜியத் தொகை. அதிகபட்சக் கட்டணம், முன்னுரிமைக் கட்டணம் இரண்டையும் பழையதைவிடக் குறைந்தது 10% கூட்ட வேண்டும். ஒன்றை மட்டும் கூட்டினால் கெத் நோடுகள் ஏற்காது. இதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பரிவர்த்தனைகள் தானாகவே நகரும். அப்படியும் நகராவிட்டால் குழுவில் பொதுவாகக் கேளுங்கள்: பரிவர்த்தனை ஹாஷ், வாலட் பதிப்பு, பிழைச் செய்தி அப்படியே. நோடு பற்றிய கேள்வியானால் பிழைக்கு முன்பின் ஐம்பது வரி லாக். ஐபி முகவரியையும் ரகசியக் கோப்புகளையும் நீக்கிவிட்டு ஒட்டுங்கள்.

கேள்வி: பொதுநிதியைத் திட்டங்களுக்குப் பிரிக்கும் குவாட்ராட்டிக் நிதி முறையில் சிறு நன்கொடைக்கு மதிப்பு அதிகம் என்கிறார்கள். எப்படி?

பதில்: ஒவ்வொரு நன்கொடைக்கும் வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்துகிறார்கள். நூறு பேர் ஆளுக்கு 1 அலகு கொடுத்தால் 100-இன் வர்க்கம் 10,000. நான்கு பேர் ஆளுக்கு 25 கொடுத்தால் 20-இன் வர்க்கம் 400. ஒருவரே 100 கொடுத்தால் வெறும் 100. திரட்டிய தொகை மூன்றிலும் ஒன்றுதான். பொதுநிதி இந்த விகிதத்தை ஒட்டிப் பிரிகிறது. திறந்த மூலத் திட்டங்களுக்கு நிதி திரட்டும் கிட்காயின் தளம் 2019 முதல் இதைப் பயன்படுத்தியது.

ஓட்டை எங்கே என்பது கணக்கிலேயே தெரிகிறது: ஒருவரே நூறு வாலட் திறந்து ஒவ்வொன்றிலிருந்தும் 1 அனுப்பலாம். ஆள் அடையாளச் சரிபார்ப்பு இல்லாத சுற்றில் முடிவுகளை நம்ப வேண்டாம்.

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. எப்படிப் பங்களிப்பது?

பதில்: திறந்து கிடக்கும் பிழைப் புகார்களில் ஒன்றை எடுத்து, உங்கள் கணினியிலும் அது நிகழ்கிறதா என்று சோதித்து, படிப்படியாக எழுதி அனுப்புங்கள். டெவலப்பர்களின் நேரத்தை நிறையத் தின்கிற வேலை இது. வெளியீட்டுக்கு முந்தைய 'ஆர்சி' பதிப்பை டெஸ்ட்நெட்டில் இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதும் நல்ல உதவி. நிறுவல் கையேட்டை வரி வரியாகப் பின்பற்றி, எந்தப் படியில் முட்டி நின்றீர்கள் என்று சொன்னால் அதை யாராவது திருத்துவார்கள்.