செட்டிநாட்டு மனையில் மெட்டல் டிடெக்டர் காட்டும் நாணயம் வெள்ளிதானா?

மெட்டல் டிடெக்டரின் சுருள் அனுப்பும் காந்தப்புலம், மண்ணிலுள்ள உலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டத்தை எழுப்பும். வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதால் அந்த ஓட்டம் மெதுவாகவே அடங்கும்; கருவி உச்சத் தொனி தரும். வெண்கல மணியில் ரீங்காரம் நீடிப்பதும், ஓட்டுச்சில்லில் உடனே அடங்குவதும் போல. ஆனால் காலணா செப்புக்காசும் அதே தொனிதான் தரும். முற்றத்துப் பழைய ஆணிகள் பக்கத்தில் கிடந்தால் தொனி உடைந்து கேட்கும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் வீசிப் பாருங்கள்.

கையில் எடுத்ததும் எடை பாருங்கள். பிரிட்டிஷ் வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. விக்டோரியா முதல் ஐந்தாம் ஜார்ஜ் வரை 91.7% வெள்ளி. 1940 முதல் 1945 வரை வெறும் 50%. இந்த 50% காசுகளில் விளிம்பு வரிகளின் நடுவே ஒரு பள்ளக்கோடு ஓடும். பின்புறம் புலி உள்ள 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். கறுத்திருந்தால் தண்ணீரில் அலசினால் போதும். புளி, விபூதி போட்டுத் தேய்த்தால் எழுத்தும் மதிப்பும் போய்விடும்.

சொந்த மனையில் கிடைத்தது சொந்தம் என்று பலர் நினைப்பது தவறு: 1878 புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்ததன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.