கல்லாவும் ஷோப்பியும் ஒரே கணக்குச் சொல்ல

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் சேலைக் கடை வைத்திருக்கிறோம். கல்லாவில் பில் போட ஒரு பிஓஎஸ் மென்பொருள், ஆன்லைனில் விற்க ஷோப்பி, கணக்குக்குத் தனி மென்பொருள். தினமும் இரவில் மகன் எக்செல்லை வைத்து மூன்றையும் சரிசெய்கிறான். அப்படியும் கடையில் விற்றுப்போன சேலைக்கு ஷோப்பியில் ஆர்டர் விழுகிறது. மூன்றும் தானாகவே ஒத்துப்போக வழி உண்டா?

உண்டு அம்மா. ஆனால் மூன்றையும் இணைக்கும் செயலிக்குப் பணம் கட்டும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எந்த விவரத்துக்கு எந்த மென்பொருள் சொல்வது இறுதி? உங்கள் கடைக்கு நான் இப்படிப் பிரிப்பேன். சரக்கு இருப்புக்கு பிஓஎஸ், படத்துக்கும் ஆன்லைன் விலைக்கும் ஷோப்பி, பில்லுக்கும் வரிக்கும் கணக்கு மென்பொருள். இருப்பை மூன்று இடத்திலும் ஆளுக்கொருவர் திருத்தினால் எந்தச் செயலியும் காப்பாற்றாது.

அடுத்து, மீதியை அனுப்பாதீர்கள், அசைவை அனுப்புங்கள். ஒரு சேலையில் 5 இருக்கிறது. கடையில் 2 போகிறது, அதே நேரம் ஷோப்பியில் 1. பிஓஎஸ் ‘மீதி 3’ என்கிறது, ஷோப்பி ‘மீதி 4’ என்கிறது. கடைசியாக எழுதியது நிற்கும், உண்மையில் இருப்பதோ 2. கடை விற்பனையும் ஷோப்பியும் ‘இரண்டு குறைந்தது’, ‘ஒன்று குறைந்தது’ என்று பிஓஎஸ்ஸிடம் சொன்னால் கணக்கு சரியாக வரும். மீதியைச் சொல்லும் உரிமை பிஓஎஸ்ஸுக்கு மட்டும். ஒரே ஆர்டர் பற்றிய செய்தி சில சமயம் இரண்டு முறை வரும். ஆர்டர் எண்ணைப் பார்த்து, ஏற்கெனவே கழித்ததை மறுபடி கழிக்காத செயலியாகப் பார்த்து எடுங்கள்.

சரக்குப் பெயரை வைத்து இணைக்கவே கூடாது. ஒரு இடத்தில் ‘காஞ்சிபுரம் பச்சை’, இன்னொரு இடத்தில் ‘பச்சை காஞ்சி’ என்று இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி எஸ்கேயு (சரக்குக் குறியீட்டு எண்) கொடுத்து, மூன்றிலும் எழுத்து மாறாமல் பதியுங்கள். மகன் செய்யும் வேலையில் எனக்குச் சந்தேகம் வருவதும் இங்கேதான். மலேசிய பார்கோடு 955 என்று தொடங்கும் 13 இலக்க எண். எக்செல் அதைத் தானாகவே புள்ளி வைத்துச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி எனும் வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்துவிட்டால் பின்பக்க இலக்கங்கள் பூஜ்ஜியமாகிவிடும், முன்பக்கம் பூஜ்ஜியம் உள்ள எஸ்கேயு அந்தப் பூஜ்ஜியத்தை இழக்கும். கோப்பைத் திறக்கும்போதே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று குறிக்கச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளருக்கும் இதே விதிதான். ஒருவர் பெயரில் ‘அ/லெ’ (இன்னாரின் மகன்) போட்டு எழுதுவார், இன்னொருவர் விட்டுவிடுவார். கைப்பேசி எண் நம்பகமானது, ஆனால் 012 என்பதையும் +6012 என்பதையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நேரத்தையும் பாருங்கள். பல செயலிகள் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் பதியும், நமக்கு அது 8 மணி நேரம் பின்னால். நவம்பர் 1 காலை 7 மணிக்கு விழுந்த ஆர்டர் அக்டோபர் 31 என்று கணக்கில் உட்கார்ந்துவிடும். மாதாந்திர ஒருங்கிணைந்த இ-இன்வாய்ஸ் (மாத விற்பனையை ஒன்றாக்கி வரி வாரியத்துக்குக் காட்டும் மின்னணு பில்) அனுப்புகிறவர் என்றால், மாதம் முடிந்து 7 நாளுக்குள் அதை அனுப்பவேண்டும். அந்த அவசரத்தில் இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இவ்வளவும் செய்தாலும் சில விநாடி, சில நிமிடத் தாமதம் இருக்கத்தான் செய்யும். ஒரே ஒரு பீஸ் உள்ள பட்டுச் சேலையைக் கடையில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஷோப்பியில் போடுங்கள். இரண்டிலும் வேண்டாம். மற்றவற்றில் தீபாவளி நெருங்கும்போது ஒன்றிரண்டை ஷோப்பிக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

செயலி விற்க வருகிறவர் டெமோ காட்டும்போது வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். ஷோப்பியில் நீங்களே ஒரு ஆர்டர் போடுங்கள். அப்புறம் வைஃபையைப் போட்டதும், இடையில் விழுந்த அந்த ஆர்டரை அது தேடி எடுத்து இருப்பைக் குறைக்கிறதா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.