பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பெங்களூருவில் ஒரு டீலரிடம் 2014-ஆம் ஆண்டு போர்ஷே கேமன் பார்த்திருக்கிறேன். 2.7 லிட்டர் இன்ஜின், பி.டி.கே. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ், 38,000 கி.மீ. ஓடியது, இரண்டு கை மாறியது. வெளி நிறுவனம் ஒன்றின் ஒரு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டியை 1,60,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். மொத்த க்ளெய்ம் வரம்பு 3,00,000 ரூபாய். எடுக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்த விலைக்கு, இந்த வரம்போடு, வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒரு வருடத்தில் அவர்கள் தரக்கூடிய அதிகபட்சத் தொகையே 3,00,000. நீங்கள் கட்டுவது 1,60,000. வரம்பு முழுவதையும் வாங்கினாலும் உங்களுக்கு மிஞ்சுவது 1,40,000 மட்டும். இதே மாதிரி நூறு கார்களில் 54 கார்களாவது அந்த ஒரு வருடத்துக்குள் முழு வரம்புக்கும் பழுதானால்தான் கட்டிய பணம் கணக்குக்குச் சரியாகும். நன்றாகப் பராமரித்த ஒரு கேமன் அப்படிப் பழுதாகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தக் காரில் உங்களைத் தூங்கவிடாத பயம் இரண்டுதான்: இன்ஜின், பி.டி.கே. கியர்பாக்ஸ். இரண்டில் எதை மாற்ற நேர்ந்தாலும் 3 லட்சம் எங்கும் போதாது. ஆக, பெரிய செலவு வந்தால் இந்த வாரண்டி பாதியில் கைவிட்டுவிடும். சின்னச் செலவு வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ள முடியும். நடுவில் இருப்பதற்காக 1,60,000 கொடுப்பது அதிகம்.

அதற்காக வாரண்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. போர்ஷே நிறுவனமே பழைய கார்களுக்குத் தரும் ‘போர்ஷே அப்ரூவ்ட்’ வாரண்டி என்பது வேறு சங்கதி. பிரிட்டன் போன்ற நாடுகளில் 15 வயது வரையான காருக்கும் அதைத் தருகிறார்கள். உங்கள் காரின் 17 இலக்க சேஸிஸ் எண்ணை போர்ஷே சென்டரில் கொடுத்து, இந்தக் காருக்குக் கிடைக்குமா, என்ன கட்டணம், ஒரு க்ளெய்முக்கு என்ன வரம்பு என்று எழுத்தில் கேளுங்கள். 111 அம்சச் சோதனை செய்துதான் தருவார்கள். அதில் தெரியும் குறைகளையெல்லாம் முதலில் சரிசெய்ய வேண்டும். பக்கச்சுவரில் ‘என்’ என்ற எழுத்தும் ஒரு எண்ணும் அச்சிட்ட, போர்ஷே ஒப்புதல் பெற்ற டயர்கள் இருக்க வேண்டும். பழைய உரிமையாளர் செலவை மிச்சம் பிடிக்க வேறு டயர் போட்டிருந்தால், நான்கையும் மாற்றும் செலவை இப்போதே விலையில் குறைத்துப் பேசுங்கள். அந்த வாரண்டி கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காது என்று பதில் வந்தால், ஏன் கிடைக்காது என்பதே இந்தக் காரைப் பற்றிய முக்கியமான தகவல்.

எதை எடுப்பதானாலும், எடுக்காமல் விடுவதானாலும், முதல் செலவு சோதனைக்குத்தான். டீலரின் ஆளை நம்பாமல், போர்ஷேயின் பழுது கண்டறியும் கருவி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கிவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாடலில் குறிப்பாகப் பார்க்க வேண்டியவை இவை.

இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் இருக்கும் இன்ஜின் என்பதால் ஒரு நொடி நீலப் புகை வருவது சகஜம். புகை நிற்காமல் தொடர்ந்தால், ஆயிலையும் காற்றையும் பிரிக்கும் பாகத்தில் உள்ள ரப்பர் சவ்வு கிழிந்து, ஆயில் இன்டேக்கிற்குள், அதாவது காற்று உள்ளே போகும் பாதைக்குள், உறிஞ்சப்படுகிறது என்று பொருள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளிழுப்பு பலமாக இருந்து மூடியை எடுக்கவே சிரமமானால் சந்தேகம் உறுதி. அடுத்தது வாட்டர் பம்ப். அதைச் சுற்றி இளஞ்சிவப்பில் காய்ந்த பொருக்கு இருந்தால் கூலன்ட் கசிகிறது. ஆறு இக்னிஷன் காயில்களின் உறையில் சூட்டால் விரிசல் விடும். மழைநாளில் இன்ஜின் உதறி, எச்சரிக்கை விளக்கு எரிவது பெரும்பாலும் அதனால்தான். முன் பம்பரின் இரு ஓர வாய்களிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஏ.சி. கண்டென்சரும் அதன் பின்னால் ரேடியேட்டரும் இருக்கின்றன. இலைச் சருகும் ஈர மண்ணும் தங்கித் தங்கித் தகடுகளை அரித்துவிடும். பம்பரைக் கழற்றாமல் முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாது என்பதால் பெரும்பாலானோர் செய்வதே இல்லை.

பி.டி.கே.யைப் பொறுத்தவரை, கருவியில் பழைய பிழைப் பதிவுகளை அழிக்காமல் அப்படியே காட்டச் சொல்லுங்கள். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சென்சார் போனால் ரிவர்ஸ் விழாது, சில கியர்கள் வராது. நெடுங்காலம் இதற்கு முழுக் கியர்பாக்ஸையே மாற்றினார்கள். இப்போது சென்சாரை மட்டும் மாற்றும் ஒர்க்‌ஷாப்கள் வந்துவிட்டன. செலவில் பல மடங்கு வித்தியாசம் இருக்கிறது. வாரண்டித் தாளில் ‘கியர்பாக்ஸ்’ என்று மட்டும் போட்டிருக்கிறதா, அதன் மின்னணுப் பாகங்களும் சேர்த்தியா என்பதை இதனால்தான் பார்க்கச் சொல்கிறேன்.

தாளைப் படிக்கும்போது முதலில் ‘எவையெல்லாம் சேராது’ என்ற பக்கத்துக்குப் போங்கள். ‘கீழ்க்கண்ட பாகங்களுக்கு மட்டும்’ என்று தொடங்கும் வாரண்டியில், பட்டியலில் இல்லாத எதற்கும் பணம் வராது. ‘கீழ்க்கண்டவை தவிர அனைத்தும்’ என்று தொடங்குவதே மேல். ‘தேய்மானம்’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பதினோரு, பன்னிரண்டு வயதுக் காரில் எந்தப் பழுதையும் தேய்மானம் என்று சொல்லிவிடலாம். சேர்த்தியில்லாத ஒரு பாகம் உடைந்து, சேர்த்தியான பாகத்தைக் கெடுத்தால் பணம் உண்டா? பழுதைக் கண்டுபிடிக்க இன்ஜினைத் திறக்கும் கூலி யாருடையது? லேபர் கட்டணத்துக்கு மணிக்கு எவ்வளவு என்று உச்சவரம்பு இருக்கிறதா? ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ப உதிரிபாகப் பணத்தைக் குறைப்பார்களா? முதல் 30 நாளுக்கு க்ளெய்ம் கிடையாது என்ற விதி இருக்கிறதா? இந்த ஐந்துக்கும் வாய்மொழி பதில் போதாது, மின்னஞ்சலில் வாங்குங்கள். எலி கடித்த வயரிங் பொதுவாக வாரண்டியில் சேராது. நம் ஊரில் அதிகம் ஓடாமல் நிற்கும் காருக்கு அது பெரிய செலவு.

அந்த 1,60,000-ஐத் தனிக் கணக்கில் வைப்புத் தொகையாகப் போட்டு, மாதம் ஒரு தொகை சேர்த்துக்கொண்டே வாருங்கள். வருட முடிவில் செலவாகாமல் இருந்தால் அது உங்கள் பணம்.

கேள்வி: 2007 போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர், மேனுவல். இன்ஜினுக்குள் ஒரு பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும் என்கிறார்கள். இதற்கு ஏதாவது வாரண்டி உண்டா?
– வாசகர், சென்னை

பதில்: நீங்கள் சொல்வது இடைத்தண்டுப் பேரிங். கிராங்க் ஷாஃப்டிலிருந்து சுழற்சியை வாங்கி கேம் ஷாஃப்டுகளுக்குக் கடத்தும் தண்டின் ஒரு முனையை அது தாங்குகிறது. உடைந்தால் வால்வுகள் திறந்து மூடும் டைமிங் தவறி, அவை பிஸ்டனில் மோதும். 1997 முதல் 2008 வரையான பாக்ஸ்டர், கேமன், டர்போ அல்லாத சாதாரண 911 ஆகியவற்றில் இந்த அமைப்பு இருந்தது. 2009 மாடலில் வந்த புதிய இன்ஜினில் இந்தத் தண்டே கிடையாது.

ஆனால் எல்லா ஆண்டுகளும் ஒன்றல்ல. தொடக்க கால இன்ஜின்களில் இரட்டை வரிசைப் பேரிங், அது ஓரளவு உறுதியானது. 2000-க்குப் பிறகு 2005 வரை வந்த ஒற்றை வரிசைப் பேரிங்தான் கெட்ட பெயர் வாங்கியது. 2001 முதல் 2005 வரையான கார்களுக்காக அமெரிக்காவில் தொடுத்த கூட்டு வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. 2006-லிருந்து பெரிய பேரிங் போட்டார்கள், உடைவது வெகுவாகக் குறைந்தது. உங்கள் 2007 இந்த வகை. இதில் ஒரு சங்கடம், இன்ஜின் கேஸைப் பிளக்காமல் அந்தப் பேரிங்கை வெளியே எடுக்க முடியாது. 2005 கார் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் கழற்றினால் நடுவில் ஒரு நட்டு தெரியும். 22 மி.மீ. ஸ்பேனர் பொருந்தினால் பெரிய பேரிங், 13 மி.மீ. என்றால் சின்னது. கிளட்ச் மாற்றும் நாளிலேயே பார்த்துவிடுங்கள்.

இந்த வயதுக் காருக்குப் பயனுள்ள வாரண்டியைத் தேடி அலைய வேண்டாம். அந்தப் பணத்தை ஆயிலில் போடுங்கள். ஆறு மாதம் அல்லது 8,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரின் காகிதத்தை வெட்டி விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் பளபளப்பான இரும்புத் துகள் இருந்தால் காரை ஸ்டார்ட் செய்யாமல் ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றிச் செல்லுங்கள். வடிகால் போல்ட்டை காந்தம் பொருத்தியதாக மாற்றிக்கொள்வது மலிவான காரியம்.

3.4 லிட்டர் எஸ் மாடலாக இருந்திருந்தால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் நோயையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஒரு பக்கம் மட்டும் டக் டக் என்ற சத்தம், ஒரு புகைக்குழாய் மட்டும் கரி படிவது, ஆயில் குறைவது ஆகியவை அதன் அறிகுறிகள். சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகும்.

கேள்வி: மழைவெள்ளத்தில் கார் மூழ்கினால் எக்ஸ்டெண்டட் வாரண்டியில் கேட்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: கேட்க முடியாது. வாரண்டி என்பது காருக்குள்ளிருந்து வரும் பழுதுக்கு. வெளியிலிருந்து வரும் சேதத்துக்கு இன்சூரன்ஸ். அதிலும் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால், சாதாரண முழு பாலிசியில் கிடைக்காது. ‘இன்ஜின் புரொடெக்ட்’ கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காரைத் தட்டையான தளமுள்ள லாரியில் ஏற்றுங்கள்.

2015 சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கி நின்ற கார்கள் வெளியூர் சந்தைகளுக்கும் போகும். பழைய கார் வாங்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வண்டல் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்கு அடியில் ஈர வாடை, வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஆகியவை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் மாதம் ஒரு நாள் ஓட்ட ஆசை. வாரண்டி போய்விடுமா? இன்ஜின் கணினியை டியூன் செய்யவும் எண்ணம்.
– வாசகர், திருப்பூர்

பதில்: பந்தயம், நேரம் கணக்கிடும் ஓட்டம் இரண்டையும் ஏறக்குறைய எல்லா வாரண்டிகளும் விலக்கிவைக்கின்றன. சில தாள்களில் டிராக்கில் ஓட்டுவதே கூடாது என்றிருக்கும். உங்களுடையதில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். மறைக்க முடியும் என்று நினைக்க வேண்டாம். மேனுவல் போர்ஷேயில் தவறான கியருக்கு இறக்கி இன்ஜின் வரம்பு மீறிச் சுற்றினால், எந்த அளவுக்கு, எத்தனை முறை, இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணியில் என்பதை கணினி படிநிலைகளாகப் பதிந்துவைக்கிறது. மேல் படிநிலைகளில் அண்மைய பதிவு இருந்தால் வாரண்டி மறுக்கப்படலாம். பழைய மேனுவல் கார் வாங்குபவர்கள் எல்லோரும் இந்தப் பதிவின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். டியூனிங் செய்தாலும் மென்பொருள் எழுதப்பட்ட தடயம் தெரியும், பழையபடி மாற்றினாலும் தெரியும். டியூன் செய்வதாக முடிவு செய்துவிட்டால் வாரண்டிக்குப் பணம் கட்டாதீர்கள். பிரேக் திரவத்துக்கும் நல்ல பிரேக் பேடுக்கும் செலவிடுங்கள்.

கேள்வி: லண்டனில் டீலரிடம் 2016 பாக்ஸ்டர் வாங்குகிறேன். கூடவே வாரண்டியை இன்றே எடுக்கச் சொல்லி நெருக்குகிறார்கள்.
– வாசகர், ஹாரோ

பதில்: அவசரம் வேண்டாம். டீலரிடம் வாங்கும் காருக்கு 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமே ஒரு வாரண்டி. வாங்கும்போதே இருந்த குறை முதல் 30 நாளில் தெரிந்தால் காரைத் திருப்பித் தரலாம். ஆறு மாதத்துக்குள் தெரிந்தால், அது முதலிலேயே இருந்தது என்றுதான் சட்டம் கருதும். இல்லை என்று காட்டுவது டீலரின் பொறுப்பு. சரிசெய்ய ஒரு வாய்ப்பு தர வேண்டும், அது தோற்றால் திருப்பித் தரலாம். கார் 30,000 பவுண்டுக்குள் என்றால், முன்பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டியிருக்கும். டெபிட் கார்டுக்கு இது கிடையாது. தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்புகள் எதுவும் இல்லை. அப்போதுதான் போர்ஷே வாரண்டியின் மதிப்பு கூடுகிறது.

கேள்வி: வாரண்டி இருந்தும் ‘தேய்மானம்’ என்று க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். சஸ்பென்ஷன் டேம்பரில் (ஷாக் அப்சார்பர்) ஆயில் கசிவு. என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். கழற்றிய டேம்பரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடாதீர்கள். தேதி தெரியும்படி படம் எடுத்து, பாகத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வேறொரு ஒர்க்‌ஷாப்பில், கசிவு சீல் பழுதால் வந்ததா, பள்ளத்தில் அடிபட்டு வந்ததா என்று கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். அடிபட்டிருந்தால் உங்கள் பக்கம் வலுவில்லை, இன்சூரன்ஸில் கேட்டுப் பாருங்கள். சீல் பழுது என்றால் அறிக்கையை இணைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பிறகு 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கு போடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரில் தொடுக்க உரிமை உண்டு, நிறுவனம் எங்கிருந்தாலும் சரி. மறுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். ஒரு சர்வீஸ் தள்ளிப்போயிருந்தால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் எடுக்கும்.