காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் பிக்கப்: பம்பைக் கழற்றும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: 2005 மாடல் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் சாவி போட்டால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிப்பதில்லை. விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் மாலை வரை எத்தனை தடவை அணைத்தாலும் உடனே எடுக்கிறது. ஒருவர் புது பேட்டரி போடச் சொல்கிறார், இன்னொருவர் நோசலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்றி சர்வீஸ் செய்யச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். பேட்டரிதான் குறை என்றால் செல்ஃப் முதல் சுற்றிலேயே இழுத்து இழுத்துச் சுற்றும், இல்லாவிட்டால் டக் டக் என்று அடித்துவிட்டு நின்றுவிடும். பம்ப் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் கதை தலைகீழாக இருக்கும். குளிர்ந்திருக்கும்போது எப்படியோ எடுத்துவிடும், டீசல் சூடாகி இளகிய பிறகுதான் மதியத்தில் மறுக்கும். உங்கள் வண்டி மதியம் ஒழுங்காக எடுக்கிறது. டீசல் ஒர்க்‌ஷாப்பில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் சொன்ன அறிகுறிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது டேங்கிலிருந்து பம்புக்கு வரும் டீசல் லைனில் புகும் காற்றைத்தான்.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை நசுக்கினால் பிறக்கும் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அதுவே பற்றிக்கொள்ளும். ஆகவே என்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும், டீசலைப் பீய்ச்சும் நோசல் வரை டீசல் வர வேண்டும், அங்கே போதுமான சூடு இருக்க வேண்டும். இதில் எது குறைகிறது என்று சைலன்சரே சொல்லிவிடும். நாளைக் காலை செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். டீசல் நெடியோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை.

உங்கள் வண்டியில் புகை வராது என்று நினைக்கிறேன். காரணம் இதுதான். டேங்க் சேஸிஸ் பக்கவாட்டில் தாழ்வாக இருக்கிறது, பம்ப் மேலே இருக்கிறது. ராத்திரி முழுக்க அந்த உயரத்தில் டீசல் நிற்பதற்கு, லைன் எங்குமே காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். ஸ்ட்ராவில் இளநீரை உறிஞ்சிவிட்டு மேல் முனையை விரலால் அடைத்தால் இளநீர் அப்படியே நிற்கும், விரலைத் துளி நகர்த்தினால் இறங்கிவிடும். இங்கேயும் அதேதான். ஒரு ஓரத்தில் மயிரிழை அளவுக்குக் காற்று நுழைந்தால் போதும், விடிவதற்குள் டீசல் டேங்குக்குத் திரும்பிவிடும். காலையில் நீங்கள் அடிக்கும் செல்ஃப் முழுவதும் அந்தக் காற்றை வெளியே தள்ளுவதிலேயே செலவாகிறது.

இந்தக் குறையைப் பல மெக்கானிக்குகள் கோட்டைவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு: கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி, அதனால் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதே அதிகம். ஈரம் தெரியாததால் லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டி அடுத்ததாகப் பம்ப் மேல் கை வைக்கிறார்கள். எங்களிடம் வந்த ஒரு பால் வண்டியில் அப்படித்தான் நடந்தது. வேறொரு இடத்தில் பம்பைக் கழற்றி, பெஞ்சில் ஏற்றிப் பார்த்து, பெரிய பில்லோடு திரும்ப மாட்டியிருந்தார்கள். மறுநாள் காலை அதே தொல்லை. சேஸிஸ் ஓரமாக ஒரு கிளிப்புக்கு அடியில் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது, அவ்வளவுதான். அந்த அண்ணன் பம்புக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளைச் சொல்கிறேன். முதலாவதற்குச் செலவே இல்லை. இன்று ராத்திரி வண்டியின் மூக்கு நல்ல இறக்கத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, டயருக்குக் கல்லும் வையுங்கள். டேங்க் உயர்ந்து பம்ப் தாழ்ந்துவிடுவதால் டீசல் திரும்பிப் போக வழி குறைவு. காலையில் பட்டென்று எடுத்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது.

அடுத்தது, சமதரையில் நிறுத்திய மறுநாள் காலை, சாவியைத் தொடும் முன் பானட்டைத் தூக்கி டீசல் ஃபில்டர் மேலே இருக்கும் ஹேண்ட் ப்ரைமரை, அதாவது கையால் டீசல் ஏற்றும் சின்ன பம்பை, அழுத்துங்கள். லைனில் டீசல் நின்றிருந்தால் சில அழுத்தலிலேயே கை இறுகும். தொளதொளவென்று வெகுநேரம் போய், பிறகு இறுகி, உடனே வண்டியும் ஸ்டார்ட் ஆனால் குறை லைனில்தான். பேட்டரியையும் பம்பையும் மறந்துவிடலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் செய்வது பாட்டில் சோதனை. சுத்தமான டீசல் நிரப்பிய கேனை என்ஜினைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து ஒரு ஹோஸை நேராகப் பம்பின் இன்லெட்டில் கொடுத்துக் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வோம். மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப்பையும் அதே கேனுக்குத் திருப்பிவிடுவோம். ராத்திரி முழுக்க அப்படியே வைத்திருந்து காலையில் எடுத்துவிட்டால், பம்ப் பக்கம் குறை இல்லை, டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான் இருக்கிறது. பம்புக்கு முன்னால் ஒரு சாண் உள்ளே தெரியும் ஹோஸ் மாட்டினால் குமிழி ஓடுவதையும் கண்ணாலேயே பார்க்கலாம்.

காற்று நுழையும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியவை ரப்பர் ஹோஸ்களின் முனைகள். கிளிப்பை விலக்கி வளைத்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். ஃபில்டர் மாற்றிய பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால் ஃபில்டர் ரப்பர் சீலைச் சந்தேகியுங்கள். பழைய சீல் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை வைத்து இறுக்கிவிடுவது உண்டு. பைப்பை இணைக்கும் யூனியன் போல்ட்டின் செம்பு வாஷர், ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு, ப்ரைமரின் உள் சீல், இவையும் காற்று வாங்கும். நோசல்களுக்கு நடுவே ஓடும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ் சூட்டில் விறைத்து வெடித்திருக்கும். விலை குறைவுதான், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது தொல்லையில்லை, பாதிக்குக் கீழே போனால்தான் வருகிறது என்றால் டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கலாம்.

சரி, புகை வெள்ளையாக வந்தால்? குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினாக இருந்தால் அதைப் பாருங்கள். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். பல்ப் எரியாத பிளக் எரிந்து போனது. டிஐ என்ஜின், அதாவது டீசலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் என்ஜின், நம் சமவெளிக் குளிருக்கு ஹீட்டர் இல்லாமலே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நோசலையும், சிலிண்டரில் காற்று நசுங்கும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டிவரும். பகலில் லோடோடு ஏற்றம் நன்றாக ஏறுகிறது, ஆயில் குறைவதில்லை என்றால் கம்ப்ரஷன் பற்றி இப்போதே பயப்பட வேண்டாம்.

பம்பில் ஸ்டாப் சோலினாய்டு (சாவியை அணைத்ததும் டீசலை நிறுத்தும் மின் வால்வு) உள்ள வண்டியானால் அதையும் ஒரு நொடி கவனியுங்கள். சாவியை ஆன் செய்ததும் பம்பிலிருந்து டக் என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதற்கு வரும் வயரில் 12 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரியைப் பற்றியும் கொஞ்சம். வண்டி நின்று சில மணி நேரம் கழித்து மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் அது முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சோம்பினால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள்தான் திருடன். பழைய பிக்கப்பில் உப்புப் பூத்த டெர்மினலும் துருப்பிடித்த எர்த்தும் சகஜம். இதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமலே புது பேட்டரி வாங்கியவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக, காலை அவசரத்தில் சிலர் பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் பிடிப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹீட்டர் பிளக் சூடாக இருந்தால் இன்டேக்கிலேயே தீப்பிடிக்கும், பிஸ்டனும் உடையலாம். செல்ஃபை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். காற்றெடுக்க நோசல் யூனியனைத் தளர்த்தினால் முகத்தையும் கையையும் தள்ளி வையுங்கள். அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். எல்லா நோசலுக்கும் ஒரே குழாயிலிருந்து மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் வண்டியாக இருந்தால் அந்த யூனியனைத் தொடவே வேண்டாம்.