கம்பி கழற்றியாச்சு, அப்புறம்? ரிட்டெய்னர் கேள்வி பதில்

காரைக்குடியில் பல் சீரமைப்பு மருத்துவராக இருக்கிறேன். கம்பி கழற்றிய பிறகு, பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்கப் போடும் ரிட்டெய்னர் பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவி): டாக்டர், போன வாரம்தான் கம்பி கழற்றினார்கள். பல்லெல்லாம் வரிசைக்கு வந்துவிட்டது. ரிட்டெய்னர் எத்தனை மாதம் போட்டால் போதும்?

பதில்: வரிசைக்கு வந்த பல் அங்கேயே நிற்கப் பழக வேண்டும், அதற்குத்தான் இது. பல் எலும்போடு ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் மெல்லிய நார்கள் பிடித்திருக்கின்றன, ஈறுக்குள்ளும் நார்கள் உண்டு. பல்லை நகர்த்தும்போது எல்லாம் இழுபடும். வேரைச் சுற்றியவை சில மாதங்களில் சரியாகிவிடும். ஈறின் மேல்பக்கத்து நார்கள் லேசில் விடாது. நார்வே நாட்டு ஆய்வாளர் ரைட்டான் 1959இல் வெளியிட்ட ஆய்வில், நாய்களுக்குப் பல்லைத் திருப்பி 232 நாள் பிடித்துவைத்த பிறகும் அந்த நார்கள் இழுபட்டபடியே இருந்தன. திருகியிருந்த பல் பழைய பக்கமே திரும்பப் பார்ப்பது இதனால்தான்.

என்னிடம் வருபவர்களுக்கு முதல் ஆறு மாதம் சாப்பிடும் நேரமும் பல் தேய்க்கும் நேரமும் தவிர முழு நாளும், அதன்பின் இரவில் மட்டும் என்று சொல்கிறேன். உங்கள் மருத்துவர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள். ஆனால் இரவில் போடுவதற்குக் கடைசித் தேதி என்று ஒன்று கிடையாது. வயது ஏறும்போது கீழ் முன்பற்கள் நெருக்கியடிப்பது கம்பியே போடாதவர்களுக்கும் நடக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ரிட்டெய்னரை நிறுத்தி 20 ஆண்டு ஆனவர்களைப் பார்த்து 1988இல் எழுதினார்கள். கீழ் முன்பல் வரிசை பரவாயில்லை என்று சொல்லும்படி இருந்தது பத்தில் ஒருவருக்குத்தான். பல் வரிசையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற வரைக்கும் இரவில் போடுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): கல்யாணத்தில் பந்தியில் உட்காரும்போது கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலை ஓரத்தில் வைத்தேன். கை கழுவிவிட்டு வந்தால் காணோம்.

பதில்: இலையோடு சேர்ந்து போயிருக்கும். எடுக்கிறவருக்கு அது கசங்கிய காகிதம், வேறென்ன தெரியும்? தொலைந்து போகும் ரிட்டெய்னர்களில் பாதிக் கதை இப்படித்தான் என்னிடம் வருகிறது. வாயில் இல்லையென்றால் அதன் பெட்டியில் இருக்க வேண்டும், மூன்றாவது இடம் கிடையாது. இன்றே உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பழைய அச்சு இருந்தாலும் பல் நகர்ந்துவிட்டால் அது உதவாது.

கேள்வி (பள்ளத்தூர்): ஆச்சி, மகனுடைய கண்ணாடி மாதிரி ரிட்டெய்னரை வாரம் ஒருமுறை வெந்நீரில் போட்டு எடுக்கிறேன். கிருமி போகும்தானே?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் சூட்டில் வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் பல்லில் சரியாக உட்காராது. குழாய்த் தண்ணீர், மெல்லிய பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, அவ்வளவுதான். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் அழுக்குத் தங்கும். வாடை வந்தால் செயற்கைப் பல்செட்டை ஊறவைத்துக் கழுவ விற்கும் மாத்திரையை அட்டையில் எழுதியபடி பயன்படுத்துங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு வராதீர்கள், அதுவும் வெந்நீர் மாதிரிதான்.

கேள்வி (கானாடுகாத்தான்): அதைப் போட்டுக்கொண்டே டீ குடிக்கலாமா? கவுனி அரிசி சாப்பிடலாமா?

பதில்: இரண்டும் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். இனிப்பு டீ உள்ளே புகுந்தால் எச்சில் வந்து கழுவிவிட முடியாமல் பல்லோடு தங்கி அரிக்கும். கவுனி அரிசியின் ஊதா நிறம் பிளாஸ்டிக்கில் ஏறும். சாப்பிட்டு வாய் கொப்பளித்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி (புதுவயல்): எத்தனை மாதம் போடணும் டாக்டர்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (குன்றக்குடி): ஞானப்பல் தள்ளுவதால்தான் முன்பல் கோணுகிறது, அதைப் பிடுங்கிவிட்டால் ரிட்டெய்னரே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. ஞானப்பல் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கும் கீழ்ப்பல் நெருங்குகிறது.

கேள்வி (காரைக்குடி, இன்னொருவர்): மன்னிக்கணும் டாக்டர். எனக்கு ஞானப்பல் முளைத்த வருடம்தான் முன்பல் கோணியது. கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது?

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான். இரண்டும் ஒரே வயதில் வருகின்றன, அதனால் ஒன்றை மற்றதற்குக் காரணமாக்கிவிடுகிறோம். 1990இல் அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஞானப்பல் முளைத்தவர்கள், எலும்புக்குள் புதைந்தவர்கள், பிடுங்கியவர்கள், பிறவியிலேயே இல்லாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். கீழ் முன்பல் நெருக்கத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அவரே: அப்படியென்றால் என் அண்ணனுக்கு நான்கையும் ஏன் எடுத்தார்கள்?

பதில்: அண்ணனின் எக்ஸ்ரே பார்க்காமல் சொல்லக் கூடாது. சீழ், சொத்தை, அடிக்கடி ஈறு வீக்கம் என்றால் எடுக்கத்தான் வேண்டும். முன்பல் கோணாமல் இருக்க என்று மட்டும் சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். எடுத்தவர்களும் ரிட்டெய்னர் போட்டாக வேண்டும்.

கேள்வி (கோனாப்பட்டு): எனக்குப் பல்லுக்குப் பின்னால் கம்பி ஒட்டியிருக்கிறார்கள். தொல்லையே இல்லை. மருத்துவரிடம் போக வேண்டுமா?

பதில்: கட்டாயம். ஆறு பல்லில் ஒன்றில் மட்டும் பசை விட்டால் வலிக்காது, கம்பியும் விழாது. அந்த ஒரு பல் மட்டும் சத்தமில்லாமல் நகரும். தினமும் நாக்கால் தடவிப் பாருங்கள், ஓரிடத்தில் குத்தினாலோ ஆடினாலோ உடனே போங்கள். சீப்புச்சீடையையும் முறுக்கையும் முன்பல்லால் கடிக்காதீர்கள், உடைத்துக் கடைவாயில் போடுங்கள். கம்பிக்கு அடியில் காரை படியும், பல்லிடுக்குப் பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (செட்டிநாடு): கொதிநீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீர்?

பதில்: குழாய்த் தண்ணீர். பள்ளத்தூர் அம்மாவுக்குச் சொன்னதுதான்.

கேள்வி (திருப்பத்தூர்): ஐந்து வயதுப் பிள்ளை விரல் சூப்புகிறது.

பதில்: குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கண்டனூர்): பரீட்சை நேரத்தில் மூன்று வாரம் போடவில்லை. இப்போது இறுக்கமாக இருக்கிறது, போடட்டுமா?

பதில்: விரலால் அழுத்தி முழுசாக உட்கார்ந்தால் சில நாள் முழு நேரமும் போடுங்கள், இறுக்கம் குறையும். பாதியில் நின்றாலோ நல்ல வலி எடுத்தாலோ கடித்து ஏற்றாதீர்கள். பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், டிஷ்யூவில் சுற்றாமல்.