ரத்தம் தானாகவே உறையும் தன்னெதிர்ப்பு நோய் உங்களுக்கு இருப்பது எப்படித் தெரிய வந்தது?

என் இஞ்ச் டேப்பால் தெரிய வந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த நேரம், இடது கெண்டைக்கால் வீங்கி இறுகி வலித்தது. மிஷின் மிதிப்பதால்தான் என்று நினைத்தேன். தெருமுனை கிளினிக்கிலும் சதைப்பிடிப்பு என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். மாமியார்தான், "ஒரு கால் மட்டும் ஏம்மா இப்படி இருக்கு? அளந்து பாரு" என்றார். வலது கால் 13 இஞ்ச், இடது கால் 14½. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தது.

அங்கே இருந்த டாக்டரம்மா, "குழந்தை ஏதாவது தங்காம போயிருக்கா?" என்று கேட்டார். இரண்டு, இரண்டுமே நாலாம் மாதத்தில். கால் வீக்கத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். அப்புறம்தான் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்ற பெயரைச் சொன்னார். நம் எதிர்ப்பு சக்தியே தடம் மாறி ரத்தத்தை உறைய வைக்குமாம், நஞ்சுக்கொடியையும் கெடுக்குமாம்.

அதைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடி என்று மூன்று டெஸ்ட். ஒரு தடவை பாசிட்டிவ் வந்தால் போதாது. ஏதாவது காய்ச்சல், தொற்று வந்தாலும் கொஞ்ச நாள் அப்படிக் காட்டுமாம். குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அதிலும் வந்த பிறகுதான் உறுதி செய்தார்கள். இன்னொரு ரிப்போர்ட்டில் என் ரத்தம் உறைய அதிக நேரம் எடுக்கிறது என்று இருந்ததைப் பார்த்துக் குழம்பிப் போனேன். சோதனைக் குழாயில் அப்படித் தெரியும், உடம்புக்குள் நேர் எதிர் என்று பொறுமையாக விளக்கினார்.

இப்போது தினமும் வார்ஃபரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-லிருந்து 3-க்குள் இருக்க வேண்டும். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்குமாம்; அதற்காகக் கீரையை விட வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவு சாப்பிட்டால் போதும் என்றார்கள். குழந்தைக்கு முயற்சி செய்வதானால் முதலிலேயே டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். வார்ஃபரின் வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது, அதற்குப் பதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் சின்ன அளவு ஆஸ்பிரினும் தருவார்கள்.

இரண்டு தடவையும், நான் மிஷின் மிதித்ததால்தான் கரு கலைந்தது என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். நானும் அதை நம்பி, ராத்திரியில் மிஷினைப் பார்த்து அழுதிருக்கிறேன். டாக்டரம்மாவிடம் அதையும் கேட்டேன். "மிஷினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார். பக்கத்தில் மாமியாரும் இருந்தார்.